டியூப்லைட்

போன ஜூலையில் ஒரு புதன்கிழமை மதியம், மீட்டிங்குக்கு நடுவில் அக்கா வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பினாள். பள்ளியில் கொடுத்துவிட்ட படிவம். மேலே அவள் மகனின் பெயர், வகுப்பு, எமிஸ் எண். கீழே, அவனை மதிப்பீட்டு முகாமுக்கு அழைத்துப்போகப் பெற்றோருக்குச் சம்மதம் என்று ஒரு வரியும் கையெழுத்துக்கு ஒரு கோடும். நடுவில் 'சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தை' என்று அச்சாகியிருந்த இடத்தைச் சுற்றி அக்கா சிவப்பில் வட்டம் போட்டிருந்தாள். கூடவே ஒரு வரி: "இதுல கையெழுத்து போடவா வேணாமா, சொல்லு."

நான் மென்பொருள் எழுதுகிறவன். பெரும்பாலும் படிவங்கள்தான் செய்கிறேன். எந்தக் கட்டம் கட்டாயம், எதைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும், எதற்கு ஆம், இல்லை என்ற இரண்டே பதில்கள் என்று முடிவு செய்வது என் பிழைப்பு. ஆம் என்று டிக் செய்தால் கூடுதலாக ஒரு பட்டியல் விரியும், இல்லை என்றால் அப்படியே அடுத்த பக்கம். இதுமாதிரி நூற்றுக்கணக்கில் செய்திருப்பேன். என் வீட்டுப் பிள்ளை அதிலொரு கட்டத்துக்குள் போய் உட்கார்ந்து அதுவரை பார்த்ததில்லை.

பையனுக்கு எட்டு வயது. ஸ்ரீமுஷ்ணத்தில் அம்மாவோடும் அக்காவோடும் இருக்கிறான். எழுத்துகளைத் தனித்தனியாகக் கேட்டால் சொல்வான். சேர்த்து வாசிக்கச் சொன்னால் மூன்றாவது எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து கையை விட்டுப் போய்விடும். 'பட்டம்' என்பது 'படம்' ஆகும், இல்லையென்றால் நம் முகத்தைப் பார்த்து ஊகித்து வேறு ஏதாவது ஆகும். மற்றபடி எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான். பெரிய மேதை, ஓவியம் வரைவான், நட்டு போல்ட்டெல்லாம் கழற்றி மாட்டுவான் என்றெல்லாம் கதை கட்டமாட்டேன். 2007இல் 'தாரே ஜமீன் பர்' வந்த பிறகு டிஸ்லெக்சியா என்ற சொல் பல வீடுகளுக்குத் தெரியவந்தது, நல்லதுதான். ஆனால் வாசிக்க வராத பிள்ளையிடம் ஈடாக வேறொரு அபூர்வத் திறமையை எதிர்பார்க்கும் பழக்கத்தையும் அந்தப் படம் கொடுத்துவிட்டது. வாசிக்கவும் வராது, வரையவும் வராது என்றால் அந்தப் பிள்ளைக்கு நம் இரக்கத்தில்கூட இடமில்லை.

அம்மாவிடம் போனில் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் வேணாம். அவன் தாத்தாவே நாலு வயசு வரைக்கும் பேசல. பேரு வெச்சிட்டாங்கன்னா அப்பறம் ஊரு உடாது" என்றார். ஊரைப் பற்றி அம்மா சொன்னது சரிதான். சன்னதித் தெருவில் காலையில் சொன்னது மதியத்துக்குள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடும். அக்காவுக்கு வேறு பயம். "போடலன்னா நாளைக்கு இவனே என்னய கேப்பானேடா, ஏன் போடலன்னு."

இரண்டு பேருக்கும் பதில் சொல்லத் தெரியாமல், மூன்றாம் வகுப்பில் என்னோடு படித்த ஒருவனையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

*

அவனை நாங்கள் டியூப்லைட் என்றுதான் கூப்பிடுவோம். வாத்தியார் கேள்வி கேட்டால், கேட்டு முடித்து மற்றவர்கள் சிரிக்க ஆரம்பித்த பிறகுதான் எழுந்து நிற்பான். ஸ்விட்ச் போட்டு நேரம் கழித்து எரிகிறவன், அதனால் அந்தப் பெயர். வகுப்பில் இன்னொரு கேலியும் உண்டு. அவன் உடம்பு கரும்பலகையைப் பார்த்து இருக்கும், முகம் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கும். எங்கள் ஊர்க் கோயிலில் பூவராகசாமி அப்படித்தான் நிற்கிறார், திருமேனி மேற்கே பார்த்து, திருமுகம் தெற்கே திரும்பி. "என்னடா, பூவராகசாமி மாதிரி எங்க பாக்குற?" என்று வாத்தியார் கேட்பார். வகுப்பே சிரிக்கும், நானும்தான்.

அவன் ஜன்னலைப் பார்க்கவில்லை. கேட்கிற காதை வாத்தியார் பக்கம் திருப்பி வைத்திருந்தான். இன்னொரு காதில் சீழ் வடிந்துகொண்டே இருக்கும், எப்போதும் அதில் பஞ்சு வைத்திருப்பான். பஞ்சைப் பார்க்காதவர்கள் அந்த வகுப்பில் யாரும் இல்லை. வாடை வருகிறது என்று பக்கத்தில் உட்கார மாட்டோம். அதனால் கடைசி பெஞ்ச். கடைசி பெஞ்சில் இன்னும் கொஞ்சம் கேட்காது, இன்னும் கொஞ்சம் தாமதமாக எழுந்து நிற்பான், பெயர் இன்னும் கொஞ்சம் உறுதிப்படும். நான்கு வருடம் இது நடந்தது. பஞ்சையும் தாமதத்தையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. டியூப்லைட் என்ற பெயர் எல்லாவற்றுக்கும் விளக்கமாக முன்னாலேயே வந்து உட்கார்ந்துகொண்டதால் வேறு விளக்கம் தேட யாருக்கும் தோன்றவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

அந்தக் கடைசி பெஞ்சில் வேறு யார் யார் இருந்தார்கள் என்று இப்போது எண்ணிப் பார்த்தால், பெரும்பாலும் காலனியிலிருந்து வந்த பிள்ளைகள். அவனும் அங்கிருந்துதான் வந்தான். இது எங்கள் ஊருக்கு மட்டும் உள்ள வியாதியில்லை. லண்டனில் ஆசிரியராக இருந்த கிரெனடாக்காரர் பெர்னார்ட் கோர்ட் 1971இல் ஒரு சிறு நூல் எழுதினார். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் எப்படிக் கூட்டம் கூட்டமாக 'கல்வியில் இயல்புக்குக் கீழ்' என்று முத்திரை குத்தப்பட்டுத் தனிப் பள்ளிகளுக்கு அனுப்பப்படுகிறார்கள் என்பதுதான் விஷயம். கலிபோர்னியாவில் கறுப்பினப் பிள்ளைகளை நுண்ணறிவுச் சோதனையை வைத்து மந்த வகுப்புகளில் தள்ளியது தவறு என்று 1979இல் லேரி பி. வழக்கில் நீதிமன்றம் சொன்னது. அங்கே சோதனை வைத்துத் தள்ளினார்கள். எங்கள் வகுப்பில் சோதனைகூடத் தேவைப்படவில்லை.

ஏழாவது படிக்கும்போது ஒரு முகாம் வந்தது. காது பரிசோதித்தார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள், பிறகு ஒரு செவிக்கருவியும் வந்தது. ஒரே வாரம்தான் மாட்டிக்கொண்டு வந்தான். இப்போது அவன் பெயர் 'மெஷின்'. கருவியைக் கழற்றிப் பையில் போட்டவன் அப்புறம் எடுக்கவே இல்லை.

அம்மாவின் பயத்துக்கும் அக்காவின் பயத்துக்கும் இந்த ஒரே ஆள் சாட்சி. பெயர் வைக்காமல் விட்டதில் நான்கு வருடம் போனது. பெயர் வைத்ததில் கருவி போனது. அமெரிக்கச் சட்ட அறிஞர் மார்த்தா மினோ இதை 'வேறுபாட்டின் இக்கட்டு' என்று சொன்னார். வேறுபாட்டைச் சுட்டிக் காட்டினாலும் களங்கம் ஒட்டும், காட்டாமல் விட்டாலும் ஒட்டும். படித்தபோது சாமர்த்தியமான வரியாகப் பட்டது. அக்காவின் போட்டோவைப் பார்த்தபோது அந்தச் சாமர்த்தியத்தால் ஒரு பயனும் இல்லை. கையெழுத்து போட வேண்டும், அல்லது போடக்கூடாது. இரண்டில் ஒன்று.

*

சொல்லை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அதற்கான உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 'மோரான்' என்ற சொல்லை 1910இல் கிரேக்கத்திலிருந்து எடுத்து ஹென்றி காடர்ட் என்ற உளவியலாளர் உருவாக்கியபோது அது மருத்துவ வகைப்பெயர், சில பத்தாண்டுகளில் அது வசவு. அதற்கு முன்னால் 1905இல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினே தன் சோதனையை உண்டாக்கிய நோக்கமே வேறு. எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி தேவை என்பதை ஆசிரியரின் மனப்போக்குக்கு விடாமல் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அதைச் செய்தார். அறிவு என்பது மாறாத அளவு என்று நினைப்பவர்களை அவர் கடுமையாகவே எதிர்த்தார். 1911இல் இறந்துபோனார். சோதனை கடல் கடந்து போய், அவர் எதிர்த்தவர்களின் கையில் கிடைத்தது.

இங்கிலாந்தின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் அதில் இருப்பவர் ஒரு தத்துவவாதி. 1945 விதிகளின்படி அங்கே குறைபாடுள்ள பிள்ளைகள் 11 வகை. அந்த வகைகளையே எடுத்துவிடச் சொன்னது மேரி வார்னாக் தலைமையிலான குழு, 1978இல். பிள்ளைக்கு என்ன குறை என்று கேட்காதீர்கள், என்ன தேவை என்று கேளுங்கள் என்பது அதன் சாரம். கல்வியின் இலக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுதான், சிலருக்குப் பாதை கடினம், அவ்வளவுதான். ஐந்து பிள்ளைகளில் ஒருவருக்கு எப்போதாவது இந்தத் தேவை வரும் என்றும் கணக்கிட்டார்கள். அங்கிருந்துதான் 'சிறப்புக் கல்வித் தேவை' என்ற சொல் உலகமெங்கும் போனது, அக்கா சிவப்பு வட்டம் போட்ட வரி வரைக்கும். அதே வார்னாக் 2005இல் ஒரு சிறு வெளியீடு எழுதித் தன் வேலையைத் தானே குறை சொன்னார். தேவைகள் என்ற ஒரே குடைக்குள் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்ததில் அவர்களுக்குள் இருந்த வித்தியாசங்கள் மறைந்துபோயின என்றார். தான் வைத்த பெயரை 27 வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்துக் குறை காணும் நேர்மை அபூர்வம். நான் எழுதிய கோடைத் திரும்பிப் பார்க்கவே எனக்குத் தைரியம் வருவதில்லை.

நம்மிடமும் ஊனமுற்றோர் போய் மாற்றுத்திறனாளி வந்தது. 2022இல் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் சிறு வகுப்புப் பிள்ளைகளை அவர்கள் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். யாரையும் புண்படுத்தாத பெயர்கள், யோசித்து வைத்திருக்கிறார்கள். அக்கா மகன் அரும்பில் இருந்தான். ஒரு மாதத்துக்குள் பக்கத்து வீட்டுப் பெண் அவனிடம், "நீ இன்னும் அரும்புதானே?" என்று கேட்டாள். பூவின் பெயரே ஆனாலும் பிள்ளைகளுக்கு வரிசை தெரிந்துவிடும்.

கனடாத் தத்துவவாதி இயன் ஹாக்கிங் சொன்ன ஒரு விஷயம் இங்கே உதவும். எலக்ட்ரானுக்கு நாம் வைத்த பெயர் அதன் காதில் விழுவதில்லை. மனிதர்களை வகைப்படுத்தினால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததும் அதற்கேற்ப நடப்பார்கள், அல்லது அதை முறித்துக்கொண்டு நடப்பார்கள், பிறகு வகையையே திருத்தி எழுத வேண்டிவரும். பெயருக்கும் ஆளுக்கும் இடையில் ஒரு சுழற்சி. நிரல் எழுதுகிற எனக்கு இது உடனே புரிந்தது, ஏனென்றால் எங்கள் வேலையில் நாங்கள் பயப்படுவதே இதற்குத்தான். தரவைப் படித்ததாலேயே தரவு மாறுகிறது.

ஆனால் ஹாக்கிங்கிடமும் எனக்குக் கிடைக்காத ஒன்றை டியூப்லைட்டே கொடுத்தான். ஆகஸ்டில் ஊருக்குப் போயிருந்தபோது அவன் கடைக்குப் போனேன். விருத்தாசலம் போகிற ரோட்டில் பஞ்சர் கடை. அக்கா மகன் விஷயத்தைச் சொல்லி, அந்த முகாம் இல்லாமலே இருந்திருந்தால் பரவாயில்லையா என்று கேட்டேன். ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மூணாவதுலயே கண்டுபுடிச்சிருந்தா நல்லாதான் இருந்திருக்கும். ஆனா கண்டுபுடிச்சி என்னாடா பண்ணாங்க? மிஷின குடுத்தாங்க, கையெழுத்து வாங்குனாங்க, போய்ட்டாங்க. நான் திரும்பி அதே கடைசி பெஞ்சுலதான் உக்காந்தேன். முன்னாடி உக்கார வெச்சிருக்கலாம்ல?"

நாங்கள் கேலி செய்ததைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் எனக்குக் கொஞ்சம் தெளிந்தது. ஒரு பெயர் நல்லதா கெட்டதா என்பது அந்தச் சொல்லின் மென்மையில் இல்லை, அந்தப் பெயருக்குப் பிறகு யார் கடன்படுகிறார்கள் என்பதில் இருக்கிறது. 'மக்கு' என்றால் இனி முயல வேண்டியது பையன். அவன் முயலாவிட்டால் அவன் தலையெழுத்து, மற்ற எல்லோரும் கை கழுவிக்கொள்ளலாம். 'இவனுக்கு இடது காது கேட்காது' என்றால் இனி பெஞ்சை மாற்ற வேண்டியது வாத்தியார். இரண்டாவதும் முத்திரைதான், ஆனால் கடன் பிள்ளையின் கணக்கில் ஏறவில்லை. ஏழாம் வகுப்பு முகாமில் நடந்தது என்னவென்றால், அவனுக்கு இரண்டாவது வகைப் பெயரை வைத்துவிட்டு முதல் வகைப் பெயரைப் போல நடத்தினார்கள்.

*

இப்படிப் பார்க்க ஆரம்பித்தால், சம்மதப் படிவத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. 1995 சட்டத்தில் 7தான். புதிதாக வந்தவற்றில் ஒன்று 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு'. டிஸ்லெக்சியா இதற்குள்தான் வரும். 2018இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்படி இதற்கான சான்றிதழ் எட்டு வயதில்தான் கிடைக்கும், 14 வயதில் மறுபடி பார்க்க வேண்டும், 18இல் இன்னொரு முறை. இது எனக்குப் பிடித்திருக்கிறது. காலாவதித் தேதியோடு வரும் முத்திரை குறைந்தபட்சம் தன் மேலேயே கொஞ்சம் சந்தேகத்தோடு வருகிறது.

பிடிக்காதது அந்த 40 சதவீதம். பல சலுகைகளுக்கு அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும். 39க்கும் 40க்கும் நடுவே எந்தப் பிள்ளையும் வாழ்வதில்லை, அது படிவம் செய்தவனின் வசதி, எனக்குத் தெரியும். எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் பிரச்சினையுள்ள விகாஸ் குமார் என்பவருக்கு, அந்தக் கோட்டுக்குள் வரவில்லை என்று குடிமைப் பணித் தேர்வில் சொல்வதை எழுதுபவரை மறுத்தார்கள். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நியாயமான வசதி செய்து கொடுப்பதற்கு அந்த சதவீதம் நிபந்தனை ஆகாது என்றது. கடன் யாருடையது என்பதைத்தான் அந்தத் தீர்ப்பும் சொல்கிறது என்று நான் வாசித்துக்கொள்கிறேன்.

இதைவிடப் பெரிய சிக்கல் வகுப்பறையில் இருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பெரும் பகுதி இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் திணறுகிறது என்று ஏசர் ஆய்வுகள் வருடக்கணக்காகச் சொல்லிவருகின்றன. கொரோனாவில் தமிழ்நாட்டின் தொடக்கப் பள்ளிகள் 2020 மார்ச்சில் மூடி 2021 நவம்பரில்தான் திறந்தன. ஒரு வகுப்பில் பத்து பேருக்கு வாசிக்க வரவில்லையென்றால் அதில் யாருக்குக் குறைபாடு, யாருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை? இரண்டையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும், ஒரே தடுமாற்றம், ஒரே ஊகம். குழந்தைகளிடம் 21 வகைகளையும் ஆரம்பத்திலேயே கவனிக்க 'நலம் நாடி' என்று ஆசிரியர்களுக்கு ஒரு செயலியே வந்திருக்கிறது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அதில் கேள்விகள் எல்லாம் பிள்ளையைப் பற்றி. கடந்த மாதம் இந்த வகுப்புக்கு எத்தனை நாள் ஆசிரியர் இருந்தார் என்பதற்கான கட்டத்தை எந்தச் செயலியிலும் யாரும் எங்களிடம் கேட்டதில்லை.

அடுத்து, சான்றிதழ் வந்தால் என்ன கிடைக்கும்? வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வருவார். அவருக்குப் பல பள்ளிகள். வகுப்பாசிரியருக்கு, "இவன் அவங்க பாத்துக்கற பிள்ள" என்று சொல்ல ஒரு வழி கிடைக்கும், எல்லோரும் சொல்வார்கள் என்று சொல்லவில்லை. பத்தாம் வகுப்பில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஒருவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு. இந்தக் கடைசி ஒன்றில் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். தேர்ச்சிக்காக வதைபடும் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று தெரியும், அதை வாங்கிய எந்தப் பெற்றோரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் 'விலக்கு' என்ற சொல்லுக்குள் இன்னொரு பேச்சும் கேட்கிறது: உனக்கு இதைக் கற்றுத்தரும் கடனிலிருந்து நாங்கள் விலகிக்கொள்கிறோம். ராத்திரி படுத்துக்கொண்டு கதை கேட்கும்போது நான் விட்ட இடத்தைச் சரியாக எடுத்துக்கொடுக்கிற பையன் அவன். மொழி அவனுக்கு வராமல் இல்லை. அச்சில் வரும்போது மட்டும் தடுக்குகிறது.

இவ்வளவும் தெரிந்தும் நான் அக்காவிடம் கையெழுத்து போடத்தான் சொன்னேன். கணக்கில் வராத பிள்ளைக்கு வள மையத்திலிருந்து யாரும் வரமாட்டார்கள். அம்மா சொன்ன பயம் பொய்யில்லை, ஆனால் பெயர் வைக்காமல் விட்டால் அந்த இடம் காலியாக இருக்காது. அதில் ஊர் ஏதாவது ஒன்றை வைத்துவிடும். நாங்கள் வைத்தோமே.

அவனிடமும் பேச வேண்டியிருந்தது. அவனே ஆரம்பித்தான்.

"மாமா, நான் எதுல பெயிலு?"

"எதுலயும் இல்லடா."

"அப்ப எனக்கு மட்டும் எதுக்கு டெஸ்ட்டு?"

"எப்படி சொல்லிக்குடுத்தா ஒனக்கு வாசிக்க வரும்னு டீச்சருக்குத் தெரியணும்ல, அதுக்கு."

கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப டெஸ்ட்டு டீச்சருக்கா?"

ஆமாம் என்றேன். அவனுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது, பாட்டியிடம் போய்ச் சொன்னான். சொன்னது உண்மையா, உண்மையாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதா என்பது எனக்கே தெளிவில்லை.

அக்கா கையெழுத்து போட்டாள். போட்டுவிட்டு, கோட்டுக்குக் கீழே இருந்த கொஞ்ச இடத்தில், 'இவனை முன் பெஞ்சில் உட்கார வைக்கவும், கேள்விகளை வாயால் கேட்கவும்' என்று பேனாவால் எழுதினாள். டியூப்லைட் சொன்னதை நான் அவளிடம் சொல்லியிருந்தேன். இப்படி ஓரத்தில் எழுதுவதெல்லாம் கணினியில் ஏறாது, அதற்குக் கட்டம் கிடையாது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

முகாமில் முதல் நாள் உயரம், எடை, கண், காது பார்த்தார்கள். காது இரண்டும் நன்றாகவே கேட்கிறது. வாசிப்புச் சோதனைக்குக் கடலூருக்கு வரச் சொல்லி நவம்பரில் ஒரு தேதி கொடுத்திருக்கிறார்கள். சேத்தியாத்தோப்பு, வடலூர் என்று பஸ் மாறிப் போக வேண்டும். அக்காவுக்கு அன்று லீவு கிடைப்பது சந்தேகம். நான் முதல் நாளே ஊருக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.